காந்தம் அழைக்க வரும் பொடி

செம்பரம்பாக்கம் ஏரியின் கரைமேல் ஏறி நிற்பவருக்கு, ஒருபுறம் நிறைந்த காலத்தில் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி நீரும் கொண்டு கடல்போல் விரியும் பரப்பும், மறுபுறம் சேக்கிழார் பிறந்த குன்றத்தூரின் குன்றும் அதன் உச்சியில் முருகன் கோயிலும் தென்படும். மேற்கே சற்றுத் தொலைவில், இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரையும் அதற்குத் தெற்கே ஓரகடத்தையும் தழுவிக்கொண்டு, 1990-களின் பிற்பகுதி முதல் எழுந்த ஆலைகளின் வரிசை தொடங்கிவிடும். ஏரியின் மதகுகள் ஒரு காலத்தில் நெல்வயல்களுக்காகத் திறந்தவை. இன்று இந்நீரில் பெரும்பங்கு சென்னை மாநகரின் குழாய்களுக்குச் செல்கிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரைத் தெளியவைக்கும் திறன் பெற்ற சுத்திகரிப்பு நிலையம் ஏரியை ஒட்டியே நிற்கிறது. மிஞ்சிய நீர் அடையாற்றில் இறங்குகிறது. அது எத்தனை வேகத்தோடு இறங்கக்கூடும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரம் கண்டது.

இரசாயனம் பேசப் புகுந்த அத்தியாயத்தில் ஏரிக்கு என்ன வேலை என்று வாசகருக்குத் தோன்றலாம். ஆலைகளும் குடிநீரும் இவ்வளவு நெருங்கி வாழும் ஒரு பிரதேசத்தில், ஒன்றின் கழிவு மற்றொன்றைத் தீண்டாதிருப்பதற்கு மனிதர் கையாளும் உபாயங்களுள் முக்கியமான ஒன்று ‘ஒடுக்கம்’ என்னும் கிரியை. அதைப் பற்றியதே இந்த அத்தியாயம். ஒரு பொருளிலிருந்து ஆக்சிஜனைப் பறித்தாலும், அதனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தாலும், அதற்கு எலெக்ட்ரான்களை ஈந்தாலும் மூன்றும் ஒடுக்கமே. கொல்லன் உலைக்கு வந்து சேர்வதற்கு முன் இரும்புத் தாது கரியின் சேர்க்கையால் உலோகமாவது ஒடுக்கம். அந்த இரும்பு மழையில் நனைந்து துருப்பிடிப்பது அதற்கு நேர் எதிர்.

இந்த வட்டாரத்திலேயே அதன் பல வேஷங்களைக் காணலாம். ஸ்ரீபெரும்புதூரில் உருவாகும் கண்ணாடித் தகடு, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்துகொண்டே சமனாகிறது. அவ்வெள்ளீயம் காற்றுப்பட்டு மங்காதபடி அதன்மேல் நைட்ரஜனோடு சிறிது ஹைட்ரஜனைக் கலந்து பரப்பி வைக்கிறார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது; 2010 முதல் ஓரகடத்தில் கார்களும் பின்னர் கனரக லாரிகளும் உருவாகத் தொடங்கின. இங்கிருந்து சாலைக்கு வரும் பெட்ரோல் வண்டி ஒவ்வொன்றின் வயிற்றடியிலும் ஒரு தேன்கூட்டுப் பீங்கான் இருக்கிறது. அதன் நுண்ணறைச் சுவர்களில் அப்பியிருக்கும் ரோடியம் என்னும் உலோகம், புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை ஒடுக்கி, நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் அதே சாதுவான நைட்ரஜனாக்கி அனுப்புகிறது. 2020 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குப் பின் வந்த பெரும்பாலான லாரிகளில் டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் மற்றொரு சிறு தொட்டி உண்டு. அதில் இருப்பது 32.5 சதவீத யூரியாக் கரைசல். வயலுக்கு இடும் அதே யூரியாதான், சூட்டில் அம்மோனியாவாகப் பிரிந்து, வனேடியம் அல்லது செம்பு ஏற்றிய பரப்பின்மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்குகிறது. முலாம் பூசும் பட்டறைகளிலோ, ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்காமல் கழிவுநீரை வெளியே விடக்கூடாது. உள்நாட்டு நீர்நிலைகளில் கலக்கும் கழிவில் முன்னது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி.

ஒடுக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும்: எலெக்ட்ரானைக் கொடுக்கும் ஒடுக்கி ஒருவர், கொடுப்பவரையும் கொள்பவரையும் ஓரிடத்தில் சந்திக்கவைக்கும் தரகர் மற்றொருவர். இத்தரகரைத்தான் பழைய பாடநூல்கள் ‘கிரியா ஊக்கி’ என்றன. நாம் வினையூக்கி என்கிறோம். 1823-இல் டோபரைனர் என்னும் ஜெர்மானியர், பஞ்சுபோன்ற பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்வதைக் கண்டு அதைக்கொண்டு ஒரு விளக்கையே சமைத்தார். 1835-இல் பெர்சீலியஸ் இத்தகைய சக்திக்குப் பெயரிட்டார். பிரான்சில் சபாத்தியே, விலையுயர்ந்த பிளாட்டினத்தின் ஸ்தானத்தில் பொடித்த நிக்கலை வைத்தும் ஹைட்ரஜனேற்றம் செய்யலாம் என்று நிரூபித்து 1912-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த நிக்கலின் கைங்கரியம் நம் அடுக்களைக்கே வந்தது: 1937-இல் விற்பனைக்கு வந்து, நெய் வாங்க இயலாத குடும்பங்களின் தீபாவளியைக் காத்த டால்டா, எண்ணெயோடு நிக்கலின் துணையால் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கிய பொருளே. அதன் குணதோஷங்களை மருத்துவர்கள் பேசட்டும். மலிவான உலோகத்தை அரிய உலோகத்தின் இடத்தில் அமர்த்தும் இந்த ஆசை நூறாண்டுக்கு மேற்பட்டது என்பதே இங்கு வேண்டியது.

நிக்கலோடு எனக்கும் ஒரு சொந்தப் பரிச்சயம் உண்டு. மாணவனாக இருந்தபோது, ரேனி நிக்கல் என்னும் கரிய சேற்றுப் பொடியை ஒரு கரைசலிலிருந்து வடித்தெடுத்துவிட்டு, ‘வேலை முடிந்தது’ என்ற நிம்மதியில் வடிதாளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். ஈரம் உலர்ந்ததும் அப்பொடி காற்றோடு கலந்து தானே தீப்பற்றும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, கூடை புகைவதைப் பார்ப்பது வேறு. ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு வாளி மணலைக் கொட்டிவிட்டு, “பொடி எங்கே என்று உனக்குத் தெரியாவிட்டாலும், நீ எங்கே என்று அதற்குத் தெரியும் தம்பி” என்றார். வினையை நடத்துவதைவிட, நடத்திய பொடியைத் திரும்ப எடுத்துப் பத்திரப்படுத்துவதே கடினம் என்று அன்று எனக்குக் கிடைத்த பாடத்தை, பின்னாளில் நானோ வினையூக்கிகளைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்குந்தோறும் நினைத்துக்கொள்கிறேன்.

பொடியாக்குவது எதற்கு? வினை உலோகத்தின் மேற்பரப்பில்தான் நிகழ்கிறது. உள்ளே புதைந்திருக்கும் அணுக்கள் பங்குபெறாத பார்வையாளர்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள உலோகக் கனசதுரத்தின் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் தலையின் அளவு. அதையே பத்து நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக அறுத்துவிட்டால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராகும். ஒரு நானோமீட்டர் அளவுக்கே அறுத்தால் 6,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கர் நஞ்சை. எடை மாறவில்லை, விலையும் மாறவில்லை, உழுவதற்கு நிலம் மாத்திரம் பெருகிவிட்டது. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: இவ்வளவு சிறிதான துகளில், மூலையிலும் விளிம்பிலும் நிற்கும் அணுக்களின் விகிதம் பெருகுகிறது, அவை அக்கம்பக்கத்துப் பிணைப்பு குறைந்த அணுக்களாதலால், வந்த விருந்தாளியை எளிதில் பற்றிக்கொள்கின்றன. தங்கம் எதனோடும் சேராத உத்தம உலோகம் என்று உலகம் நம்பியிருக்க, ஜப்பானில் ஹருதா என்பவர் சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் கார்பன் மோனாக்சைடைக் குளிர்ந்த நிலையிலேயே எரிக்கவல்லவை என்று 1980-களில் காட்டியபோது, குணம் என்பது பொருளின் இயல்பா, அளவின் இயல்பா என்ற கேள்வியே எழுந்தது.

இத்துகள்களின் திறமையை அளந்து பார்க்க ஒரு தராசு வேண்டும். அந்தத் தராசை உலகுக்கு அளித்தவர்களுள் நம் நாட்டார் முன்னணியில் நிற்கிறார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தாராசங்கர் பாலும் அவருடைய சகாக்களும் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், நைட்ரோ சேர்மங்களைச் சோடியம் போரோஹைட்ரைடைக் கொண்டு ஒடுக்கும் வினையைச் செம்பு, வெள்ளி, தங்கத் துகள்கள் எவ்வாறு முடுக்குகின்றன என்று விவரித்தார்கள். அவற்றுள் 4-நைட்ரோபீனாலின் ஒடுக்கம் பிற்பாடு உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களின் உரைகல்லாயிற்று. காரணம் எளிது: எல்லாம் கண்ணெதிரே, நீரில், சாதாரண அறை வெப்பத்தில், சில நிமிஷங்களில் நடந்து முடிகிறது.

அண்மையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அதைக் கிட்டே நின்று பார்த்தேன். விரல் பருமனான சதுரப் பளிங்குக் குப்பியில் நைட்ரோபீனால் கரைசல், நீர்த்த எலுமிச்சைச் சாற்றின் வெளிறிய நிறத்தில் இருந்தது. மாணவி அதில் போரோஹைட்ரைடைச் சேர்த்தார். கரைசல் காரமாகி, மஞ்சள் சட்டென்று சாமந்தியின் அழுத்தத்திற்கு ஏறியது. நைட்ரோபீனால் தன் ஹைட்ரஜனை இழந்து அயனியாகி, 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியை விழுங்கத் தொடங்கியதன் விளைவு அது. அப்படியே விட்டுவிட்டால் நாட்கணக்கில் அந்த மஞ்சள் மாறாது. வினைக்கு வேண்டிய சக்தி அனுகூலம் இருந்தும், ஒரே மின்னூட்டம் கொண்ட இரு அயனிகளும் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நிற்கின்றன. பின்னர் அவர் கரண்டி நுனியில் எடுத்த, செம்புத் துகள்கள் ஏற்றிய கரிய பொடியை அதில் தூவினார். முதலில் ஒன்றும் நிகழவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. செம்பின்மேல் படிந்திருந்த ஆக்சைடு உறை கழலுவதற்கு வேண்டிய காலம் அது என்று அவர் சொன்னார். திடீரெனச் சிறு குமிழ்கள் கிளம்பின. மஞ்சள், வெயிலில் காயும் துணியின் ஈரம்போல விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, கொஞ்ச நேரத்தில் குப்பியில் வெறும் தண்ணீர் நின்றது போலாயிற்று. பார்ப்பதற்குத் தண்ணீர், உள்ளே இருப்பது 4-அமினோபீனால். அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு அதைச் சேர்த்தால் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் கிடைக்கும்.

நைட்ரோவை அமினோவாக்க ஆறு எலெக்ட்ரான் வேண்டும். போரோஹைட்ரைடு துகளின் மேற்பரப்பில் வந்தமர்ந்து ஹைட்ரஜனை அங்கே ஒப்படைக்கிறது. பக்கத்திலேயே அமரும் நைட்ரோபீனால் அதைப் பெற்றுக்கொண்டு, படிப்படியாக உருமாறி, புதிய உருவில் எழுந்து போகிறது. ஒரே திண்ணையில் இருவரும் உட்கார இடமிருந்தால்தான் வியாபாரம் நடக்கும். ஒருவரே திண்ணை முழுவதையும் அடைத்துக்கொண்டால் வேகம் குறையும். இதே மாற்றத்தை 1854-இல் பெஷாம்ப் இரும்புத் தூளையும் அமிலத்தையும் கொண்டு செய்தார். நெடுங்காலம் சாயத் தொழில் அந்த வழியிலேயே நடந்தது. அதன் பயனாக அமினோ சேர்மத்தோடு மலைமலையாக இரும்புச் சேறும் விளைந்தது. வினையூக்கியை நாடுவதன் உட்பொருள் அந்தச் சேற்றைத் தவிர்ப்பதே.

இனி நானோ துகளின் பலவீனத்திற்கு வருவோம். ஒன்றரை ஏக்கர் பரப்பை ஓர் உள்ளங்கைக்குள் அடக்கிவைத்தால் அது அமைதியாக இராது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரண்டு, பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே இயல்பாக முனைகின்றன. ஒட்டாமல் தடுத்துவிட்டாலோ அவை நீரில் கரைந்ததுபோல் கலந்து, எந்த வடிதாளிலும் நிற்காமல் ஓடிவிடும். ஆகவே, துகளை ஏதேனும் ஒரு தாங்கியின்மேல் நட்டுவைக்க வேண்டியதாயிற்று. களிமண், கரி, சிலிக்கா, பிளாஸ்டிக் மணி என்று எதுவாயினும் சரி. உலோகமும் தாங்கியும் சேர்ந்து, தனித்தனியே இல்லாத குணத்தைப் பெற்றால் அதுவே நானோ கூட்டுப்பொருள். மலிவைத் தேடுவோர்க்கு நம் நாட்டில் தாங்கிகளுக்குப் பஞ்சமில்லை. நெல் உமியை முறைப்படி எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. இறால் உரிக்கும் கொட்டகைகளில் குவியும் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்னும் நார்ப்பொருள் கிடைக்கிறது. உலோகத்திலும் வெள்ளி, தங்கம், பல்லேடியம் இவற்றை விட்டுச் செம்புக்கும் நிக்கலுக்கும் இறங்கலாம். செம்பின் விலை வெள்ளியின் விலையில் மிகச் சிறு பங்கே.

ஆனால் எல்லாவற்றிலும் அழகான உபாயம் காந்தம்தான். இரும்பின் ஈரிணைதிறன் உப்பையும் மூவிணைதிறன் உப்பையும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நீரில் கரைத்து, அம்மோனியாவைச் சேர்த்தால், கண் இமைக்கும் நேரத்தில் கரிய வீழ்படிவு திரளும். 1981-இல் மசார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி எளிமைப்படுத்திய முறை இது. அந்தக் கரிய பொருள் மாக்னடைட்; மாலுமிகளின் திசைகாட்டிக்கு ஆதியில் உதவிய காந்தக்கல்லும் இதுவே. இரும்புக்காக வெளியே போகவும் வேண்டாம்: எஃகு உறுப்புகளை வர்ணம் பூசுமுன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அமிழ்த்தித் துருவை எடுக்கும் பிக்ளிங் தொட்டிகளில் மிஞ்சும் பச்சை நிறக் கழிவு, இரும்பு உப்பின் கரைசலன்றி வேறில்லை, அதிலிருந்து மாக்னடைட் தயாரிக்கலாம் என்று ஆய்வாளர் பலர் காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் நஞ்சாக நிற்பது குப்பியில் மூலப்பொருளாகிறது.

மாக்னடைட்டை ஏறத்தாழ இருபது நானோமீட்டருக்குக் கீழே சிறிதாக்கும்போது ஒரு விசித்திரம் நிகழ்கிறது. பெரிய காந்தக்கல் ஒருமுறை காந்தமானால் அப்படியே நிலைத்திருக்கும். அதன் பொடிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் விடுவதில்லை. இந்த நுண்துகளின் காந்த முனையோ, அறையின் வெப்பமே தரும் நடுக்கத்தால் கணந்தோறும் திசைமாறிப் புரண்டுகொண்டிருக்கிறது. எல்லாத் திசையும் கூடிக் கழிந்து, மொத்தத்தில் காந்தமே இல்லாததுபோல் தோன்றுகிறது. வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுவந்தால் அனைத்தும் ஒருசேர அதை நோக்கித் திரும்புகின்றன. எடுத்துவிட்டால் மறுபடியும் மறதி. அழைத்தால் வரவும், விட்டால் பிரிந்து பரவவும் கூடிய இந்தக் குணம் அல்லவா மீட்டெடுக்கும் வினையூக்கிக்கு வேண்டுவது! ஒரு நெருடலும் உண்டு: பத்து நானோமீட்டர்த் துகள் ஒன்றைத் தனியே இழுக்கக் கைக்காந்தத்தின் பலம் போதாது, நீர் மூலக்கூறுகளின் இடிபாட்டில் அது அலைந்துகொண்டே இருக்கும். ஆதலால் நூற்றுக்கணக்கான துகள்களைச் சிலிக்காவிலோ கைட்டோசானிலோ சேர்த்துக் கட்டி ஒரு கொத்தாக்குகிறார்கள். அதன் புறத்தே செம்புத் துகள்களை நடுகிறார்கள். உள்ளே காந்தம், நடுவே கவசம், வெளியே வேலையாள்.

அந்த மாணவி தூவியது இத்தகைய பொடியே. அவர் குப்பியின் வெளிப்புறத்தில், பழைய கணினித் தட்டிலிருந்து கழற்றிய ஒரு காந்தத் துண்டை வைத்தார். நீர் முழுவதும் மங்கலாகப் பரவியிருந்த கருமை, சுவரின் ஒரு பக்கத்தை நோக்கி மெல்லச் சாயத் தொடங்கி, சிறிது நேரத்தில் காந்தத்தின் வடிவத்தையே அச்செடுத்ததுபோல் ஒட்டிக்கொண்டது. தெளிந்த நீரைச் சாய்த்து ஊற்றினார், பொடி அசையவில்லை. புதிய நைட்ரோபீனால், புதிய போரோஹைட்ரைடு. காந்தத்தை அகற்றி ஒரு குலுக்கு. மஞ்சள் மீண்டும் வெளுத்தது. வடிதாள் இல்லை, புகையும் கூடையும் இல்லை. என் மாணவப் பருவத்தின்மேல் எனக்குச் சற்றுப் பொறாமைகூட உண்டாயிற்று என்று சொன்னால் தலைகீழாக இருக்கும். அவருடைய பருவத்தின்மேல் என்று திருத்திக்கொள்கிறேன்.

செம்பரம்பாக்கத்திலிருந்து கிண்டிக்குச் சென்றால், கூட்டுப்பொருளின் பொருளாதாரத்தை ஊன்றிச் சிந்தித்த ஓர் ஆய்வுக்குழுவைக் காணலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பும் அவருடைய மாணவர்களும், கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற சேர்மங்களை வெள்ளித் துகள்கள் சிதைக்கக் கூடும் என்று 2003-இல் தெரிவித்தார்கள். பூச்சிமருந்து எச்சங்களை நீரிலிருந்து அகற்றும் வடிகட்டியாக அந்த ஞானம் 2007-இல் கடைக்கு வந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும்: கார்பன் டெட்ராகுளோரைடைச் சிதைக்கும்போது வெள்ளி தானே வெள்ளிக் குளோரைடாக மாறுகிறது. தரகர் கமிஷனோடு நிற்காமல் தன் சொத்தையே எழுதிவைக்கும் கதை இது. கறாராகச் சொன்னால் அதை வினையூக்கி என்பதற்கில்லை. 2013-இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில், அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடையும் கைட்டோசானையும் அறை வெப்பத்தில், வெறும் நீரிலேயே பின்னிக் கூடாக்கி, அதற்குள் வெள்ளித் துகளைப் பொதிந்தார்கள். அக்கூட்டிலிருந்து வெள்ளி அயனி நூறு கோடியில் ஐம்பது பங்குக்கு மிகாமல், ஒரே சீராக, நீண்ட காலம் கசிந்து கிருமிகளைக் கொன்றது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் குடிநீர் தரலாம் என்று கணக்கிட்டார்கள். இது ஒடுக்க வினையன்று. எனினும் எனக்கு இது முன்மாதிரியாகத் தோன்றுவதற்குக் காரணம், அங்கே மலிவு என்ற சொல் பொடியின் விலையைக் குறிக்காமல், ஒரு வீட்டின் ஓராண்டுத் தண்ணீர்க் கணக்கைக் குறித்ததே.

அதே கணக்கை நம் மஞ்சள் குப்பிக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மூலக்கூறு போரோஹைட்ரைடு எட்டு எலெக்ட்ரான் தரவல்லது. நைட்ரோபீனாலுக்கு ஆறுதான் வேண்டும். ஆகவே முக்கால் பங்கு போதும். பரிசோதனைகளிலோ நூறு பங்கும் அதற்கு மேலும் கொட்டுகிறார்கள். அப்போதுதான் அதன் அளவு மாறாததுபோல் பாவித்து, வினையின் வேகத்தை எளிய சூத்திரத்தில் அடக்கமுடியும். அளவுகோலாக இது நியாயமே. தொழில்முறையாக அல்ல. கொட்டியதில் பெரும்பகுதி நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழாகப் பறந்துவிட, மீதி போரேட் உப்பாக நீரில் தங்குகிறது. போரான் மிகுந்த நீர் பயிருக்கு ஆகாது. செம்புக்கு மாறி மிச்சப்படுத்திய காசைப்போல் பல மடங்கு, ஒடுக்கியிலேயே கரைந்து போகிறது. ‘குறைந்த செலவு’ என்று தலைப்பில் முழங்கும் கட்டுரைகளில் இந்த வரவுசெலவைத் தேடிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

சாயங்களின் விஷயத்தில் இன்னொரு மயக்கம் உண்டு. மெதில் ஆரஞ்சு போன்ற அசோ சாயத்தின் நிறம், இரு நைட்ரஜன்களுக்கிடையே உள்ள இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஒடுக்கினால் அது அறுந்து நிறம் மறைகிறது. நிறம் போயிற்றே தவிரப் பொருள் போகவில்லை. அரோமாட்டிக் அமின்களாக இரண்டு துண்டங்கள் நீரிலேயே நிற்கின்றன, அவற்றுள் சில மூலச் சாயத்தைவிடக் கொடியவை. நொய்யலின் கரையில் சாயக்கழிவைக் கண்டு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையை அறிந்த தமிழருக்கு, தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று என்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

குரோமியத்துக்கு இந்தக் குறை இல்லை: ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கினால் நஞ்சின் கடுமை மெய்யாகவே தணிந்து, சுண்ணாம்பிட்டால் பச்சைப் படிவாக அடியில் தங்கும். இராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவுமேடு நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய அவலத்தை எண்ணினால், இந்த ஒடுக்கத்தின் அவசியம் விளங்கும். பல்லேடியம் துகளின்மேல் பார்மிக் அமிலத்தைக் கொண்டு இதை நிமிஷங்களில் முடித்துக்காட்டியிருக்கிறார்கள். ஆனால், முலாம் பட்டறைக்காரரோ மூட்டையில் வரும் சோடியம் மெட்டாபைசல்பைட்டைத் தொட்டியில் கொட்டி, அமிலத்தை ஊற்றி, மஞ்சள் பச்சையானதும் சுண்ணாம்பை இட்டு வேலையை முடித்துவிடுகிறார், வினையூக்கியே வேண்டியதில்லை. அந்த மூட்டையின் விலையோடு போட்டியிட நானோ பொடி இன்னும் தயாராகவில்லை. மேலும், அவ்வினை அமில நீரில் நடப்பது. மாக்னடைட்டோ அமிலத்தில் மெல்லக் கரைவது. சிலிக்காக் கவசம் போடுவது அழகுக்காக அன்று.

மீட்சியில் கரைகண்டவர்கள் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் மோட்டார்த் தொழில்துறையினரைத்தான் சொல்லவேண்டும். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்ததே, ஈயம், புகையைச் சுத்திகரிக்கும் ரோடியம் போன்ற உலோகங்களின் மேற்பரப்பில் படிந்து அவற்றைச் செயலற்றவையாக்கும் என்பதால்தான். 2021-இல் ரோடியத்தின் விலை அவுன்சுக்கு 29,000 டாலரை எட்டியபோது, சில பழைய வண்டிகளில் புகைக்குழாயே வண்டியைவிட மதிப்பேறிற்று. கழித்த வண்டிகளிலிருந்து அவ்வுலோகத்தைப் பிரித்து மீட்பது உலகெங்கும் பெருந்தொழிலாகிவிட்டது. 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பல்லேடியத்தை ஒரு படிகத்தின் சட்டத்துக்குள்ளேயே குடிவைத்து, புகையின் தன்மை மாறுந்தோறும் அது வெளியே துகளாக முளைப்பதும் மீண்டும் படிகத்துக்குள் ஒடுங்குவதுமாக, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதைக் காட்டினார்கள். விலை உயர்ந்த உலோகத்தை மீட்க எல்லாரும் முன்வருகிறார்கள். விலை குறைந்த செம்பை மீட்க யார் முன்வருவார்? மலிவே மீட்சிக்குப் பகையாகிவிடும் இந்த முரணைச் செம்புப் பொடிக்காரர்கள் இன்னும் தீர்க்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஐந்தாம் சுற்று முடிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் மஞ்சள் முற்றிலும் வெளுத்தது. கட்டுரையில் ‘ஐந்து சுழற்சிக்குப் பின்னும் திறன் குறையவில்லை’ என்று எழுத அதுவே போதுமானது. ஆயினும் வெளுப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த மாணவி ஒரு நோட்டில் குறித்துவந்திருந்தார். ஐந்தாவது, முதலாவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. பொடியைக் கழுவி, உலர்த்தி, நுண்தராசில் வைத்தார். தொடங்கும்போது இருந்த எடையைக் காட்டிலும் சற்றுக் குறைந்திருந்தது. நான் தொட்டியில் சாய்த்துவிடுவார் என்று எதிர்பார்த்த கழுவுநீரை அவர் சாய்க்கவில்லை. மூடியுள்ள ஒரு கேனில் ஊற்றி, அதன் கழுத்தில் ஒட்டியிருந்த தாளில் தேதியை எழுதினார். அவர் எழுதுவதற்கு முன்பே அத்தாளில் பெரிய எழுத்தில் ஒரே சொல் இருந்தது: செம்பு. அந்தக் கேனில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த பிறகுதான் ஆறாம் சுற்று என்றார்.